வலது கைக் காசு

சில்லறை நடந்து வந்தால் இப்போதெல்லாம் சத்தம் கேட்பதில்லை. முன்பு அப்படியில்லை. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் அத்தனை இரைச்சலையும் மீறி அவர் சட்டைப்பை குலுங்குவது கேட்கும். "சில்லறை வந்தாச்சு, டீ நேரம் ஆயிடுச்சு" என்று பசை ஒட்டும் பகுதிப் பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளம் போடுகிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லாருக்கும் அவர் சில்லறை. பையில் ஓர் இருமல் மாத்திரை டப்பா, டப்பாவுக்குள் பழைய காசுகள். எந்தக் கடைக்காரரும் வாங்காத காசுகள். பிச்சை போட்டால்கூட முகத்தைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அந்தச் செல்லாக்காசுகளை வைத்துக்கொண்டு மனிதர் இத்தனை வருஷம் ராஜா மாதிரி நடமாடினார் என்றால் நம்புவீர்களா? நடமாடினார். இப்போது டப்பா எங்கே என்று யாராவது கேட்டால் தொலைந்துவிட்டது என்கிறார். பொய். கொஞ்ச நாள் வீட்டு அலமாரியில் பழைய துணிக்கு அடியில் கைக்குட்டை சுற்றி வைத்திருந்தார்; அங்கிருந்து அது போன இடமும் அவருக்குத் தெரியும். பொய்யில் மனிதர் புதியவர் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கதை.

ஐம்பத்துமூன்று வயது. ஒல்லி. மடித்து வரும் பெட்டிகளின் ஓரத்தில் பசை தடவி அழுத்துவது வேலை. விரல் நுனிகளில் எப்போதும் பசை காய்ந்து தோலாக உரியும். பேசும்போது அதை உரித்துக்கொண்டே பேசுவார். பேச்சில் கெட்டிக்காரர் என்றும் சொல்ல முடியாது. பாட்டு வராது, சீட்டாட்டத்தில் தோற்பதற்கென்றே உட்காருவார். நாலு பேர் கூடும் இடத்தில் கடைசி நாற்காலி அவருடையது. வீட்டுக்காரம்மாவே, "இவரை எங்கயாவது மறந்து விட்டுட்டு வந்தாக்கூட வீட்டுக்கு வந்துதான் எனக்கு ஞாபகம் வரும்" என்று சொல்வார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். அவரும் சிரிப்பார். ஆனால் உள்ளே சுருக்கென்று இருக்கும்.

அப்படிப்பட்ட மனிதருக்கு அந்த வித்தை குப்பையிலிருந்துதான் கிடைத்தது. தொழிற்சாலைக்குக் கூழாக்க வரும் கழிவுக் காகிதக் கட்டு ஒன்றில், ஒரு சிறுவர் பத்திரிகையின் கிழிந்த பக்கம். ஒரு எண்ணை நினைத்துக்கொள், இரண்டால் பெருக்கு, ஐந்தைக் கூட்டு, ஐம்பதால் பெருக்கு, இன்ன எண்ணைச் சேர், பிறந்த வருஷத்தைக் கழி. விடையில் முதலில் நிற்பது நினைத்த எண், பின்னால் நிற்பது வயது. யார் செய்தாலும் வரும். சில்லறை அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். பிறகு அவர் மூளை முதல் தடவையாக ஒரு வேலை செய்தது. வெறும் எண்ணை நினைக்கச் சொன்னால் யார் வாயைப் பிளப்பார்கள்? கையில் ஒரு பொருள் வேண்டும், மூட வேண்டும், மறைக்க வேண்டும். அப்போதுதான் வித்தை. அன்றிலிருந்து பழைய காசு சேர்க்க ஆரம்பித்தார். ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு காசாவது இருக்க வேண்டும் என்று கடை கடையாகக் கேட்டு, உண்டியல் உடைக்கிற வீடுகளில் போய் நின்று, ஒருவழியாக எல்லா வருஷமும் சேர்ந்தது.

ஆட்டம் இப்படி. டப்பாவை மேசையில் கவிழ்ப்பார். "இடது கையில உங்களுக்குப் புடிச்ச அளவுக்குக் காசு அள்ளிக்குங்க, ஒன்பதுக்கு மேல வேணாம். வலது கையில நீங்க பொறந்த வருஷத்துக் காசு ஒண்ணு. ரெண்டு கையையும் மூடுங்க!" என்று திரும்பி நின்றுகொள்வார். பிறகு அவர்கள் இடது கைக் காசின் எண்ணிக்கையை வைத்து அந்தக் கணக்கைப் போட்டு விடையை மட்டும் சொல்ல வேண்டும். விடை எழுநூற்று நாற்பத்திரண்டு என்றால், கண்ணை மூடி, நெற்றியைத் தேய்த்து, ஏதோ வானத்திலிருந்து இறங்கி வருகிற மாதிரி, "இடது கையில… ஏழு காசு" என்பார். எண்ணிப் பார்த்தால் ஏழு இருக்கும். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும். நடுவில் சேர்க்கச் சொல்லும் அந்த எண் வருஷா வருஷம் ஒன்று கூடும். புத்தாண்டில் மற்றவர்கள் காலண்டர் மாற்றினால், சில்லறை அந்த எண்ணில் ஒன்றைக் கூட்டிக்கொள்வார்.

வலது கையை மட்டும் அவர் சொன்னதே கிடையாது. யாராவது கேட்டால், "அது உங்களுக்கும் உங்களப் பெத்தவங்களுக்கும் நடுவுல உள்ள சமாசாரம். கடவுள் எனக்கு ஒரு கையைத்தான் காட்றாரு" என்பார். பெண்கள் சிரித்துக் கும்மாளம் போடுவார்கள். வலது கைக் காசு, கணக்கு நடக்க ஒரு சாக்கு, அவ்வளவுதான் என்று எல்லாரும் நம்பினார்கள். காசை யாருக்கும் காட்டாமலே டப்பாவில் போட்டுவிடுவார்கள். ஆனால் நமக்குத் தெரியும் அல்லவா, விடையின் வாலில் வயது தொங்கிக்கொண்டிருக்கிறது. ஒட்டும் பகுதியில் முப்பத்தெட்டு என்று சொல்லிக்கொள்ளும் அம்மாவுக்கு நாற்பத்தாறு என்பதும், மீசைக்கு மை போடும் லாரி டிரைவர் தாத்தாவாகிற வயதைத் தாண்டிவிட்டார் என்பதும் சில்லறைக்கு அத்துபடி. ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை. தன்னிடம் இருக்கும் ஒரே பெரிய மனுஷத்தனம் அதுதான் என்று தனக்குள் பெருமை வேறு.

இந்த வித்தைக்கு முதல் ஆளாக எப்போதும் வந்து நிற்பவர் கட்டிங் மாஸ்டர். அட்டையை அச்சுக் கத்தியில் அழுத்தி வெட்டும் மெஷின் அவருடையது. அந்த மெஷினில் நின்ற பலருக்கு விரல் குறைவு. மாஸ்டருக்குப் பத்தும் பத்திரமாக இருந்தன. "பத்து விரலோட ரிடையர் ஆகப் போற மொத ஆளு நான்தான்" என்பது அவருடைய ஜம்பம். சில்லறை டப்பாவைக் கவிழ்த்ததும் ஆட்கள் கூச்சப்பட்டு ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு நிற்பார்கள். அப்போது மாஸ்டர், "சரி, நான் வர்றேன்யா" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருவார். எத்தனை தடவை பார்த்த வித்தை! ஆனாலும் ஒவ்வொரு தடவையும் வெட்டுத் துண்டு அட்டையில் பென்சிலால் கணக்கைப் போட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு கழித்து, விடையைச் சொல்லிவிட்டு, "அடேயப்பா, எப்பிடிய்யா?" என்று வாயைப் பிளப்பார். அந்த வாய்பிளப்பில்தான் சில்லறையின் ராஜ்யமே நின்றது என்று சொல்லலாம். அவர் பிளந்தால் ஊரே பிளக்கும்.

ஒருநாள் மழைக்கு ஒதுங்கி இருவரும் சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் நின்றிருந்தார்கள். மாஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏன்யா சில்லறை, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காத. வலது கையில இருக்கற காசு உனக்கு நெஜமாவே தெரியாதா?"

"தெரியாது மாஸ்டர்."

"சத்தியமா?"

"சத்தியமா தெரியாது."

மாஸ்டர் மூச்சு விட்டார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "இல்ல, நான் வேலைக்குச் சேந்தப்ப முப்பதுக்கு மேல ஆள் எடுக்க மாட்டாங்க. எனக்கு முப்பத்திமூணு. இருபத்தொம்பதுன்னு சொல்லிட்டேன். அந்தக் காலத்துல யாரு காகிதம் கேட்டா? அது அப்பிடியே நின்னு போச்சு. ஆனா உன் ஆட்டத்துல மட்டும் நான் நெஜ வருஷத்தைத்தான் எடுப்பேன். பொய்க் காசை எடுத்தா உன் கணக்கு தப்பிடுமோன்னு பயம்யா. நாலு பேர் முன்னால உனக்கு அசிங்கமாயிடக் கூடாது இல்ல?"

கேட்டீர்களா? அந்த மனிதரின் வெள்ளை மனசு அப்படி. எந்த வருஷத்துக் காசை எடுத்தாலும் கணக்கு தப்பாது என்று அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் மர்மம் போய்விடுமே! மாஸ்டரின் வாய்பிளப்பு போய்விடுமே! சில்லறை பசையை உரித்துக்கொண்டே, "ஆமா மாஸ்டர், நெஜக் காசுதான் எடுக்கணும், இல்லன்னா வராது" என்றார். ஒரே மூச்சில் பொய் ஒன்று, பொய்ச் சத்தியம் ஒன்று, அதற்கு மேல் இன்னொரு பொய். மழை விட்டது, இருவரும் வேலைக்குப் போனார்கள்.

அதற்குப் பிறகும் சில வருஷம் ஓடியது. தொழிற்சாலைக்குத் தானாக வெட்டும் புது மெஷின் வந்தது. பெரிய முதலாளி படுத்த படுக்கையாகிவிட, அவருடைய மருமகள் நிர்வாகத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். எல்லாருக்கும் அவர் மேடம். நல்ல மாதிரி; அதிர்ந்து பேசமாட்டார். புது மெஷின் ஓட ஆரம்பித்த அன்று மதியம் எல்லாருக்கும் கேக்கும் டீயும் கொடுத்தார். புது மெஷின் வந்தாலும் மாஸ்டருக்கு இடம் இருக்கிறது, ஆட்களைப் பழக்க அவரைப்போல் இன்னொருவர் இல்லை என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னார். மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் மனைவிக்கு இரண்டு கண்ணிலும் புரை. தொழிற்சாலையின் மருத்துவ அட்டையில் ஒரு கண் ஆப்பரேஷன் முடிந்து, இன்னொரு கண் பாக்கி இருந்தது. "இன்னும் மூணு வருஷம் ஓட்டிட்டேன்னா போதும், ரெண்டு கண்ணும் ஆயிடும், நானும் கௌரவமா கெளம்பிடுவேன்" என்று கேக்கை விண்டபடியே சில்லறையிடம் சொன்னார். இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் மனிதர் அடுத்த காரியத்தைச் செய்தார்.

"மேடம், எங்க சில்லறை ஒரு வித்தை காட்டுவாரு, பாக்கறீங்களா?" என்று ஒட்டும் பகுதிப் பெண்கள் கிளப்பிவிட்டார்கள். டப்பா கவிழ்ந்தது. கூட்டம் வழக்கம்போல நெளிந்தது. வழக்கம்போல மாஸ்டர், "நான் வர்றேன்யா" என்றார். இடது கையில் அள்ளிக்கொண்டார். வலது கையில் தேடி ஒன்றை எடுத்துக்கொண்டார். அந்த வருஷம் சேர்க்க வேண்டிய எண் ஆயிரத்து எழுநூற்று அறுபத்திரண்டு. அட்டையில் போட்டுக் கழித்துவிட்டு, "எழுநூத்தி அறுபத்தி ஒண்ணு" என்றார் மாஸ்டர்.

"இடது கையில… ஏழு காசு."

மாஸ்டர் இடது கையை விரித்தார். ஏழு. கைதட்டல். மேடமும் தட்டினார். அத்தோடு டப்பாவை மூடியிருந்தால் எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆனால் அக்கவுண்டன்ட் கேக்கை மென்றுகொண்டே சொன்னார்: "இது எங்க பையன் ஸ்கூல்லயே பண்றான் மேடம். ரெண்டால பெருக்கு, அஞ்சைக் கூட்டுன்னா இடது கை வரத்தான் செய்யும். இதெல்லாம் ஒரு வித்தையா? வலது கையைச் சொல்லச் சொல்லுங்க பாப்போம்."

"அது அவருக்குத் தெரியாதுங்க" என்று ஒட்டும் பகுதி அம்மா பரிந்து பேசினார்.

"தெரியாதில்ல? அவ்வளவுதான் விஷயம்."

மேடம், பாவம், நல்லெண்ணத்தில்தான் சொன்னார். "விடுங்க, பெரியவர் ஆசையா பண்றாரு. நல்லாத்தான் இருந்தது."

அக்கவுண்டன்ட் சொன்னது சில்லறைக்கு உறைக்கவில்லை. மேடத்தின் குரலில் இருந்த இரக்கம்தான் உறைத்தது. காது மடல் சூடாகிவிட்டது. கடைசி நாற்காலியில் வீட்டார் மறந்து விட்டுப் போகும் ஆள் என்று உலகம் முழுக்கத் தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது. தெரியாதா? எனக்கா தெரியாது? இங்கே நிற்கும் ஒவ்வொருவர் வயதும் என் நாக்கு நுனியில் இருக்கிறது! அந்த நேரத்தில் அவர் கண்ணுக்கு மாஸ்டர் தெரியவில்லை. மழையில் கொட்டகையில் சொன்னது ஞாபகம் வரவில்லை என்று பின்னால் அவர் தனக்குத்தானே சொல்லிப் பார்த்ததுண்டு. அதுவும் முழு உண்மை இல்லை. ஞாபகம் வந்தது. வருவதற்குள் வாய் பாதி தூரம் போயிருந்தது, திரும்பி வர மனசில்லை. அதுதான் உண்மை.

"வலது கையும் சொல்லட்டுமா? மாஸ்டருக்கு வயசு அறுபத்தி ஒண்ணு! கையில இருக்கறது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தி ஒண்ணாம் வருஷத்துக் காசு! தொறந்து காட்டுங்க மாஸ்டர்!"

மாஸ்டர் திறக்கவில்லை. மூடிய கையை மார்போடு வைத்துக்கொண்டு நின்றார். அக்கவுண்டன்ட் விளையாட்டாகப் பிடித்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். பத்திரமாக இருந்த அந்த விரல்கள். உள்ளே காசு. அதன் மேல் அந்த வருஷம். கூட்டம் கூரை பறக்கக் கத்தியது. "ஐயோ, வலது கையும் தெரியுதாம்டி!" என்று பெண்கள் வாயில் கை வைத்தார்கள். சில்லறையின் வாழ்க்கையிலேயே அவ்வளவு பெரிய கைதட்டல் கிடைத்ததில்லை.

அக்கவுண்டன்டின் கை மட்டும் தட்டுவதைப் பாதியில் நிறுத்தியது. "ஒரு நிமிஷம். மாஸ்டர், போன மாசம் உங்களுக்குப் பொறந்தநாள் வாழ்த்து நான்தான பலகையில எழுதினேன்? அம்பத்தி ஏழுன்னு எழுதினேனே?"

இங்கே அறுபதானால் வீட்டுக்கு என்பது எல்லாருக்கும் தெரிந்த விதி. சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. மாஸ்டர் நிமிர்ந்து சில்லறையைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. இதென்னய்யா புதுசா இருக்கு என்று கேட்பதுபோல் பார்த்தார். அப்போதாவது, "சும்மா விளையாட்டு, நானும் மாஸ்டரும் பேசி வச்சுக்கிட்டது" என்று ஒரு பொய்யை வீசியிருக்கலாம். தன் பெருமைக்கு எத்தனை பொய் சொன்ன வாய்! அன்று மாஸ்டருக்காக ஒரு பொய் வரவில்லை. அதைவிடக் கேவலம் ஒன்று: கைதட்டலுக்கு வந்த சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. நிறுத்த முடியவில்லை. மாஸ்டர் பார்த்தது அந்தச் சிரிப்பைத்தான்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் வாயைத் திறந்தது, கெட்டுப்போனது பக்கத்தில் நின்றவர்.

மறுநாள் காலையில் சில்லறை மேடத்தின் அறைக்குப் போனார். நாற்காலியில் உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை.

"மேடம், நேத்து நான் சொன்னது தப்புங்க. அந்த வித்தையே டூப்பு. ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இப்ப வேணா பாருங்க, உங்களுக்குத் தொண்ணூறு வயசுன்னு கூட சொல்லுவேன்."

மேடம் சிரிக்கவில்லை. "நீங்க சொன்னதுக்காக நான் எதுவும் செய்யல. யாரும் எந்தக் காசையும் எடுக்கலாம், அது எனக்கும் தெரியும். காலையில மாஸ்டர் கிட்ட தனியா கேட்டேன், 'சும்மா எடுத்த காசுன்னு சொல்லுங்க, நான் இதோட விட்டுடறேன்'னே சொன்னேன். அவரு, 'இல்லம்மா, அதுதான் நெஜம்'னுட்டாரு."

"ஒரு மூணு வருஷம்தானேம்மா…"

"எனக்குத் தெரிஞ்சு போச்சே பெரியவரே. நாளைக்கு அந்த மெஷின்ல அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா இன்ஷூரன்ஸ்காரன் ஒரு பைசா தர மாட்டான். தெரியாம இருந்த வரைக்கும் வேற."

தெரியாமல் இருந்தவரைக்கும். சில்லறை அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு வெளியே வந்தார். அந்த மாதக் கடைசியோடு மாஸ்டர் போக வேண்டும் என்று முடிவாயிற்று. அவர் பெயரோடு மருத்துவ அட்டையும் போகும்.

மாஸ்டர் திட்டுவார் என்று சில்லறை தினமும் எதிர்பார்த்தார். நாலு பேர் முன்னால் சட்டையைப் பிடித்து ஒரு அறை விட்டால்கூடக் கொஞ்சம் சோறு இறங்கும் போலிருந்தது. மாஸ்டரோ, எதிரில் வந்தால், "என்னய்யா, சாப்பிட்டியா?" என்பதோடு சரி. கடைசி நாள் மாலையில் எல்லாரும் வாசலில் கூடி வழியனுப்பினார்கள். மாஸ்டர் கூட்டத்தில் யாரையோ தேடினார். சில்லறை அப்போது கிடங்கில், மனிதர் உயரத்துக்கு அடுக்கிய பெட்டிகளுக்குப் பின்னால் நின்றிருந்தார். தான் ஒட்டிய பெட்டிகளே அவரை மறைத்தன. "சில்லறை எங்கய்யா?" என்று மாஸ்டரின் குரல் கேட்டது. இருந்த இடத்திலேயே இருந்தார். மூச்சைக்கூட மெதுவாக விட்டார். ஐம்பத்துமூன்று வயது மனிதர்.

வீட்டில் எதையும் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்காரம்மா ஒட்டும் பகுதி அம்மாவைக் கடையில் பார்த்துவிட்டார். வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என்ன மனுஷன் நீங்க? நெஜமாத்தான் கேக்கறேன். நாலு பேர் கை தட்டணும்னு அந்த மனுஷன் வயித்துல அடிச்சிட்டு வந்தீங்களா?"

"வாய் தவறி…"

"வாய் தவறியா? பத்து வருஷமா தவறாத வாய் அன்னைக்கு மட்டும் தவறுமா? உங்களுக்காகத்தானே அவரு ஒவ்வொரு தடவையும் முன்னாடி வந்து நின்னாரு? அந்த அண்ணிக்கு இன்னொரு கண்ணு யாரு பண்ணிக் குடுப்பா, உங்க டப்பாவா?" என்றவர், பையைக் கீழே வைத்துவிட்டு, "போயி பாத்தீங்களா, இல்லையா?" என்று கேட்டார்.

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு போறது?"

"இருக்கற மூஞ்சியை வச்சுக்கிட்டுத்தான். வேற எங்க போயி வாங்குவீங்க?"

அப்படியும் உடனே போகவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார். பஸ்ஸில் மாஸ்டர் வீட்டுத் தெரு வந்தால் தலையைக் குனிந்து செருப்பைச் சரிசெய்வார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரம்மாவே பழம் வாங்கி, பையில் வைத்து, அவரைத் தெருமுனை வரை கொண்டுவந்து விட்டார். பையில் பழத்துக்கு அடியில் டப்பாவும் இருந்தது. "மறைச்சு வச்சது போதும், அவங்க கையிலயே குடுத்துட்டு வாங்க" என்று சொல்லியிருந்தார்.

மாஸ்டர்தான் கதவைத் திறந்தார். கையில்லாத பனியன், கையில் கரண்டி. "அட, வாய்யா வா! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று தோளைப் பிடித்து உள்ளே இழுத்தார். வீட்டு வேலை எல்லாம் அவர்தான் போலிருக்கிறது. கூடத்தில் அண்ணி உட்கார்ந்திருந்தார். ஒரு கண் தெளிவாக இருந்தது. இன்னொன்றில் பால் படர்ந்த மாதிரி வெளுப்பு.

"யாரு, சில்லறைத் தம்பியா? வாங்க. இவரு உங்களைப் பத்தித்தான் பேசிக்கிட்டே இருப்பாரு. வேலையை விட்டுட்டு வந்துட்டாரு பாத்தீங்களா? மெஷின் முன்னால நிக்க முடியல, நானே போறேன்னு சொல்லிட்டேன்னாரு. இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம். இந்தக் கண்ணுக்குத்தான் பெரிய ஆஸ்பத்திரியில பேர் குடுத்துட்டு உக்காந்திருக்கோம், எப்பக் கூப்புடுவாங்களோ. பரவால்ல, உடம்பு முடியலன்னா என்ன பண்றது, சொல்லுங்க?"

சில்லறை மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் அடுப்படிக்குப் போய்விட்டார். நானே போறேன்னு சொல்லிட்டேன். அப்படியா சொல்லி வைத்திருக்கிறார்? திட்டு வாங்கலாம் என்று வந்த இடத்தில் உபசாரம் நடக்கிறது. சில்லறை பைக்குள் கையை விட்டார். பழத்தை எடுத்து வைக்கும்போது டப்பா குலுங்கியது.

"அது அந்தக் காசு டப்பாதானே?" அண்ணியின் முகம் மலர்ந்தது. "இத்தனை வருஷமா கேள்விப்படறேன், ஒரு தடவை கூட பாத்ததில்ல. இவரு வீட்டுக்கு வந்து அப்பிடிச் சொல்லுவாரு, 'மனுஷன் கண்ணை மூடிக்கிட்டு சொல்லிடறான்டி'ன்னு. எனக்கும் காட்டுங்க தம்பி."

"இன்னொரு நாளைக்கு அண்ணி…"

"காட்டுய்யா" என்றது அடுப்படிக் குரல். "ஆசையா கேக்கறா."

தப்ப வழியில்லை. டப்பாவைக் கவிழ்த்தார். அண்ணி ஒவ்வொரு காசாக எடுத்து நல்ல கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோய், வெளிச்சத்துப் பக்கம் திருப்பித் திருப்பி, வருஷத்தைத் தேடினார். வெகுநேரம் ஆயிற்று. அந்த நேரம் முழுவதும் சில்லறை அந்த இன்னொரு கண்ணைப் பார்க்காமல் இருக்க எங்கெங்கோ பார்த்தார். ஒருவழியாகக் கிடைத்தது; இடது கையிலும் கொஞ்சம் அள்ளிக்கொண்டு இரண்டு கையையும் மூடினார். மாஸ்டர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பென்சிலை எடுத்து, கணக்கைப் போட உதவினார். நாக்கைக் கடித்துக்கொண்டுதான் போட்டார்.

"முந்நூத்தி அம்பத்தி ஏழு" என்றார் அண்ணி.

"இடது கையில மூணு காசு."

"ஐயோ, ஆமா!" அண்ணி குழந்தை மாதிரி கையை விரித்துக் காட்டினார். "எப்பிடி தம்பி? சரி, வலது கையில என்ன இருக்குன்னு தெரியுமா?"

எப்போதும் சொல்கிற வேடிக்கை வார்த்தை தொண்டை வரை வந்தது. உங்களுக்கும் உங்களைப் பெற்றவர்களுக்கும் நடுவில் உள்ள சமாசாரம். சொன்னால் அண்ணி சிரிப்பார். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம். மாஸ்டர் அதற்குள் அடுப்படிக்குப் போய் டீயோடு வந்து நின்றிருந்தார். அவர் முகத்தில் எதுவும் இல்லை.

"தெரியும் அண்ணி" என்றார் சில்லறை. குரல் அவருக்கே கேட்கவில்லை, மறுபடியும் சொன்னார். "தெரியும். எல்லார் கையிலயும் எனக்கு எப்பவுமே தெரியும். எந்தக் காசை எடுத்தாலும் கணக்கு வரும். நெஜ வருஷந்தான் எடுக்கணும்னு ஒண்ணும் கெடையாது."

அண்ணிக்கு இதில் ஆச்சரியம் மட்டும்தான். "பாத்தீங்களா, இவருக்கு எல்லாம் தெரியுமாம்!" என்று கணவர் பக்கம் திரும்பினார்.

மாஸ்டர் டீயை மேசையின் மேல் வைத்தார். சில்லறைக்கு எதிரே உட்கார்ந்தார். மேசையில் கிடந்த காசு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கோபமே இல்லாமல், ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்கிறவர்போல, மெதுவாகச் சொன்னார்.

"அன்னைக்கு மழையில கேட்டப்பவே தெரியும்னு சொல்லியிருக்கலாமேய்யா. நான் வேற காசை எடுத்திருப்பேனே."

"எந்தக் காசு? என்ன பேசறீங்க ரெண்டு பேரும்?" என்றார் அண்ணி.

"ஒண்ணுமில்ல. அது எங்க ஃபேக்டரி சமாசாரம்" என்றார் மாஸ்டர். பிறகு டீயை சில்லறையின் பக்கம் நகர்த்தி வைத்தார். "குடிய்யா, ஆறிடப் போகுது."

சில்லறை டம்ளரை எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி மேசையில் சிந்தியது. மாஸ்டர் எழுந்து போய்த் துணி எடுத்து வந்து, காசுகளை ஒவ்வொன்றாக ஒதுக்கிவிட்டு, அதைத் துடைத்தார்.